நாற்பது டிகிரியில் நத்தார் (கிறிஸ்துமஸ்): எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

நவம்பர் 17 – கேள்வி

ரொறன்ரோவில இருந்து ஆடி மாதம் மெல்பேர்ணுக்கு வந்தோம். இங்க முதல் நத்தார். எங்கட வீட்டில பதினைஞ்சு பேருக்குச் சாப்பாடு. வான்கோழி, ஹாம், புடிங் எல்லாம் சூடாப் பகல் ஒரு மணிக்கு மேசைக்கு வரவேணும், அதுதான் வழக்கம். அண்டைக்கு 38, 40 வந்தாலும் வரும் எண்டு சொல்லீனம். மரம், லைட் எல்லாம் கொண்டெயினரில வந்திட்டுது. வெளிச்சத்துக்குள்ள என்ன நத்தார் எண்டு பிள்ளையள் இப்பவே கேக்குதுகள். எதை வச்சிருக்கலாம், எதை விடவேணும்?

நவம்பர் 17, இரவு – பதில்

லைட்டை இன்னும் செருகவில்லையே? செருகாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பழைய குட்டி பல்புச் சரத்தில் 50 பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருக்கும், ஒவ்வொன்றும் 2.5 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே செருகினால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 5 வோல்ட் போகும். ஒரு கணம் வெள்ளையாக மின்னி, சரம் முழுக்கச் செத்துவிடும். பின் மாற்றும் அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

எல்.இ.டி. சரமென்றால் சுவரில் செருகும் கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்ற வரியில் 100–240 என்றிருந்தால் பின் மாற்றி போதும். 120 மட்டும் என்றால் இங்கே புதிதாக வாங்குங்கள். அதற்காக டிரான்ஸ்பார்மர் வாங்கப் போனால் சரத்தின் விலையைத் தாண்டிவிடும். லைட் பொருத்தியே வரும் செயற்கை மரத்துக்கும் இதே கணக்குத்தான். மரத்தை எறியவேண்டாம், அதன் மேலேயே உள்ளூர்ச் சரத்தைச் சுற்றலாம். வெளியே கட்டுவதென்றால் ஐ.பி.44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்) அல்லது அதற்கு மேல் குறியிட்டது. அதன் பவர் பெட்டி மட்டும் மழை படாத இடத்தில் இருக்கட்டும்.

லண்டனிலிருந்து வருபவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அங்கேயும் 230தான்.

நவம்பர் 18

இன்னும் பெட்டி கட்டாதவர்களுக்கு ஒன்று. பைன் காய், வைக்கோல் குடில், பட்டை உரிக்காத மரப் பொம்மை, காய்ந்த பூ வளையம், விதை கோத்த மாலை எல்லாமே ஆஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டவை. அறிவித்துக் காட்டினால் பார்த்துவிட்டுத் தருவார்கள், அல்லது எடுத்துவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். அம்மா கட்டித் தரும் பலகாரப் பொதியையும் படிவத்தில் ‘உணவு’ என்று குறித்தே தீரவேண்டும்.

நவம்பர் 20

இனி சாப்பாடு. வான்கோழியில் பிழையில்லை, பகல் ஒரு மணியில்தான் பிழை. குளிர்நாட்டில் நாலு மணி நேரம் ஓவன் எரிந்தால் வீடு இதமாகும், அது அங்கே வரம். இங்கே அதே ஓவன், சமையலறையோடு ஒட்டிய கூடத்தில் பதினைந்து பேர், வெளியே 38. ஏ.சி. எவ்வளவு ஓடினாலும் அந்த அறை ஆறாது. வேர்த்துக் கொட்டிக்கொண்டு சூடான கிரேவி சாப்பிட்டவர்கள்தான் ‘இங்கே கிறிஸ்துமஸே இல்லை’ என்று சொல்கிறார்கள்.

ஆகவே சுவையை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றுங்கள். 24ஆம் தேதி இரவு, ஜன்னல் திறந்து காற்று வரத் தொடங்கியபின் ஓவன் வேலை. அல்லது 25 விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் ஓவனை அணைத்துவிடவேண்டும். பகலில் குளிர்ந்த இறால், சாலட், பழம். பெரிய சாப்பாடு மாலை ஏழு மணிக்கு, வெளியில். வான்கோழியும் ஹாமும் குளிர்ந்த துண்டுகளாக, கிரேவி மட்டும் சுடச்சுட. இப்படி வைத்தால் யாருக்கும் குறை தெரியாது.

பிள்ளைகளின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் மெல்பேர்ணில் சூரியன் மறைய எட்டேமுக்கால் ஆகிவிடும், லைட் எடுபட ஒன்பதரை. அதுவரை விழித்திருக்க அன்று பகலில் அவர்களைத் தூங்கவையுங்கள். சிட்னியில் எட்டு மணி வாக்கில் மறையும். பிரிஸ்பனில் கோடைக்கால நேரமாற்றம் இல்லை, ஏழுக்கு முன்பே மறைந்துவிடும்.

வான்கோழி: 15 பேருக்கு ஹாமும் இறாலும் உடனிருந்தால் 5 கிலோ தாராளம். உறைந்ததென்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் முன்பே எடுத்து வையுங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பு தொடாமல், வெப்பமானியைக் குத்தி 75 டிகிரி வந்தால் வெந்துவிட்டது.

நவம்பர் 20, சற்றுப் பின்

மறந்தது: பகல் பத்து மணிக்கே ஜன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுக் குளிரூட்டியைப் போடுங்கள்.

நவம்பர் 22

மேலே எழுதியது பாதிதான் சரி. அடிலெய்டிலிருந்து ஒருவர் ‘மூடினோம், வீடு கஞ்சி வடித்த பானை மாதிரி ஆகிவிட்டது’ என்கிறார். அவர் வீட்டில் இருப்பது கூரைமேல் வைக்கும் ஆவிக்குளிரூட்டி. மெல்பேர்ண், அடிலெய்டு, பெர்த் வீடுகளில் இது நிறைய உண்டு. ஈர அட்டை வழியாக வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும், அவ்வளவுதான். அந்த ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்துவைக்கவேண்டும். சுவரில் பொருத்தும் ஸ்பிளிட் ஏ.சி.க்குத்தான் எல்லாம் மூடியிருக்கவேண்டும்.

உங்கள் வீட்டில் எது என்று இப்போதே பாருங்கள். ஆவிக்குளிரூட்டியாக இருந்தால் புழுக்கமான நாளில் அது கைகொடுக்காது. அரிசி கொதிக்கவைக்கும் நீராவிகூட அதற்கு எதிரி.

நவம்பர் 25

வான்கோழிக்கு இரண்டு நாள் என்றதையும் திருத்துகிறேன். 2 கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள், 5 கிலோவுக்கு இரண்டரை நாள். ஃப்ரிட்ஜ் திணித்துக் கிடந்தால் குளிர்காற்று சுற்றாமல் இன்னும் இழுக்கும். 24 இரவு ஓவனில் வைப்பதென்றால் 21 காலையிலேயே கீழ்த்தட்டில், கசிவு பிடிக்க ஆழமான தட்டோடு. சிங்க்கில் வெளியே வைத்து உருக்கும் பழக்கம் ரொறன்ரோவிலேயே தப்பு, இங்கே ஆபத்து. நடுவில் ஐஸாக இருக்கும்போதே மேல்தோல் கெடத் தொடங்கிவிடும்.

நவம்பர் 29

பலரும் கேட்பது ஹாம். கடையில் எலும்போடு விற்கும் பன்றிக்கால் ஹாம் ஏற்கெனவே வேகவைத்துப் புகையூட்டியது. நாம் செய்வது மேற்பூச்சு மட்டும். பதினைந்து பேருக்கு 5 கிலோ எடையில் பாதிக் கால் போதும்.

தோலை எடுப்பதில்தான் எல்லாமே. கணுப்பக்கம் கத்தியால் சுற்றி ஒரு கோடு. மறுமுனையில் தோலுக்கும் கொழுப்புக்கும் இடையே கட்டைவிரலை நுழைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் தோல் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்துச் செய்தால் கொழுப்பு சற்று இளகியிருக்கும், கிழியாது. தோலை எறியாதீர்கள், மிச்ச ஹாமுக்கு அதுவே மூடி. பிறகு கொழுப்பில் 2 செ.மீ. இடைவெளியில் சாய்சதுரக் கீறல், 5 மி.மீ. ஆழம். இறைச்சிவரை கீறினால் ஓவனில் கொழுப்பு சுருங்கிக் கட்டம் கட்டமாக வழுக்கி விழும்.

பூச்சு: பழுப்புச் சர்க்கரை 1 கப், கடுகு விழுது 2 மேசைக்கரண்டி, ஆரஞ்சுச் சாறு கால் கப். டிசம்பரில் இங்கே மாம்பழக் காலம். கென்சிங்டன் பிரைட் மாம்பழம் ஒன்றை மசித்து, ஒரு கரண்டி மிளகாய்த்தூளோடு சேர்த்தால் நம் நாக்குக்கு இன்னும் பொருந்தும். 170 டிகிரி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே தடவவேண்டும். தட்டில் ஒரு கப் தண்ணீர் ஊற்றாவிட்டால் வழியும் சர்க்கரை கருகி வீடெல்லாம் புகை. மூடியுள்ள கேஸ் பார்பெக்யூ இருந்தால் இதை வெளியிலேயே செய்யலாம். ஓரத்து பர்னர்களை மட்டும் ஏற்றி, ஹாமை நடுவில் வைத்து மூடவேண்டும், நேரடித் தீ படக்கூடாது.

நவம்பர் 30

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி. கனடா, பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் 15. கொண்டுவந்த கரண்டியை வைத்துக்கொண்டு உள்ளூர்ச் செய்முறையைப் பார்த்தால் ஒவ்வொரு கரண்டிக்கும் கால் பங்கு குறையும். கடுகு விழுதில் தெரியாது, ஜெலட்டினிலும் பேக்கிங் பவுடரிலும் தெரியும்.

டிசம்பர் 3

புடிங்குக்குப் பதில் பவ்லோவா, அதாவது முட்டைவெள்ளையும் சர்க்கரையும் நுரைத்துச் சுடும் இனிப்பு, செய்யலாமா என்கிறார்கள். பதிலாக வேண்டாம், கூடவே செய்யுங்கள். புடிங் பிடிக்கிறவர்களுக்கு அது இல்லாமல் நாள் நிறையாது. குளிர்ந்த புடிங்கை மெல்லிய துண்டாக வெட்டி வனிலா ஐஸ்கிரீமோடு கொடுத்தால் வெயிலிலும் இறங்கும். முன்கூட்டித் துணியில் கட்டி வேகவைத்த புடிங்கை இங்கே அலமாரியில் தொங்கவிடாதீர்கள், ஈரமான ஒரு வாரம் வந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜ்தான். உள்ளே காசு வைக்கும் வழக்கம் இருந்தால் 1966க்கு முந்தைய வெள்ளிக் காசு மட்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் தசம நாணயம் வந்தது. அந்தத் தசமக் காசுகளை வேகவைத்தால் சுற்றிலும் பச்சை படியும்.

பவ்லோவா 1920களில் இங்கும் நியூசிலாந்திலும் ஆடிய ருஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் பெயரால் வந்தது. எந்த நாட்டில் பிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

6 பெரிய முட்டையின் வெள்ளைக்கரு, 330 கிராம் காஸ்டர் சர்க்கரை, 1 மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளவர்), 1 தேக்கரண்டி வெள்ளை வினிகர். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும், கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழாது. வெள்ளைக்கருவை அடித்து மென்முகடு (தூக்கினால் நுனி வளையும் நுரை) வந்தபின் சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகப் போடவேண்டும். அவசரப்பட்டால் கரையாத சர்க்கரை சுடும்போது தேன்துளிகளாகக் கசியும். விரல் இரண்டால் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மணல் மாதிரி நெருடக்கூடாது. 150க்குச் சூடேற்றி, உள்ளே வைத்ததும் 120க்குக் குறைத்து ஒன்றரை மணி நேரம். பிறகு அணைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, முழுக்க ஆறும்வரை உள்ளேயே விடவும். 24 இரவு செய்யச் சிறந்த வேலை இது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். கிரீமும் பழமும் பரிமாறும் நிமிடத்தில்தான்.

கோதுமை ஒவ்வாதவர்கள் இருந்தால் சோளமாவுப் பொட்டலத்தைப் படியுங்கள். இங்கே அந்தப் பெயரில் கோதுமையில் செய்ததும் விற்கிறது.

டிசம்பர் 6

இறால். தமிழருக்கு ஒரு சந்தோஷம்: வேகாத இறாலை இங்கே ‘பச்சை’ (கிரீன்) என்றுதான் சொல்வார்கள், நம்மைப் போலவே. பச்சை என்று எழுதியிருந்தால் வேகாதது, நிறத்தைப் பார்க்கவேண்டாம். குளிர்ந்து சாப்பிட வெந்ததைக் கேளுங்கள். தலை ஓடு போனால் எடை ஏறக்குறையப் பாதி. 15 பேருக்கு 3 கிலோ. 24 காலையில் வாங்கி, 25இல் தீர்த்துவிடவேண்டும். கறுத்த தலையும் அமோனியா வாடையும் இருந்தால் வேண்டாம். சிட்னி மீன் சந்தை 23 காலையிலிருந்து 36 மணி நேரம் மூடாமல் விற்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் பின்னிரவில் போகலாம்.

ஓட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த குப்பை வண்டிக்கு நாலு நாள் இருந்தால் தெருவே நாறும். பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் முதல் நாளிரவு வெளியே எடுங்கள்.

டிசம்பர் 9

யோசித்துப் பார்த்தால் வெயில் கிறிஸ்துமஸில் உண்மையான நெருக்கடி ஓவன் அல்ல, ஃப்ரிட்ஜ். ரொறன்ரோவில் பின்கதவைத் திறந்து பால்கனியில் வைத்தால் அதுவே ஃப்ரிட்ஜ். இங்கே ஹாம், வான்கோழி, இறால், கிரீம், புடிங், பானம் எல்லாம் ஒரு பெட்டிக்குள். திணித்துவிட்டு நூறு தடவை திறந்தால் உள்ளே 5 டிகிரி நிற்காது. சின்ன ஃப்ரிட்ஜ் வெப்பமானி ஒன்று வாங்கி நடுத்தட்டில் வையுங்கள்.

பானங்களை முழுக்க எஸ்கிக்கு (ஐஸ் போட்டு வைக்கும் குளிர்ப்பெட்டி) மாற்றுங்கள். எஸ்கி இரண்டு வேண்டும். பானத்துக்கு ஒன்று, அது திறந்துகொண்டே இருக்கும். இறாலுக்கு ஒன்று, அதைத் தொடக்கூடாது. 24 மாலைக்குள் கடைகளில் ஐஸ் பை தீர்ந்துவிடும். 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி 22இலேயே உறையவையுங்கள். கட்டி ஐஸ் பொடி ஐஸைவிட மெதுவாகத்தான் கரையும்.

பிரியாணி போடுபவர்களுக்கு: மேசையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 5க்கும் 60 டிகிரிக்கும் இடையில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலுக்குள் என்றால் அப்போதே சாப்பிட்டு முடிக்கவேண்டும். நாலு தாண்டினால் எறிந்துவிடவேண்டும். இது ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி. சோற்றை அண்டாவோடு ஆறவிடுவது மோசம். நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், சோற்றில் பெருகும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஆற்றி உள்ளே வையுங்கள். தேங்காய்ப்பால் கறி இன்னும் சீக்கிரம் புளிக்கும்.

டிசம்பர் 12

மரம் வாங்கப் போகிறவர்களுக்கு. இங்கே விற்பது பெரும்பாலும் ரேடியாட்டா பைன். நவம்பர் கடைசியில் வாங்கினால் கிறிஸ்துமஸுக்குள் பாதி தரையில் கிடக்கும், இந்த வாரம்தான் சரியான நேரம். வீட்டுக்கு வந்ததும் அடியில் 2–3 செ.மீ. புதிதாக அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தாமதித்தால் பிசின் வெட்டை அடைத்துவிடும், பிறகு குடிக்காது. முதல் நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏ.சி. காற்று நேரே படும் மூலை வேண்டாம்.

திருவருகைக் கால மெழுகுவர்த்தி சூட்டில் வளைந்துபோகும், ஏற்றும் நேரம்வரை ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கட்டும். சாக்லேட் காலண்டரும் அப்படியே. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும்.

இந்த ஊருக்கென்றே பூக்களும் உண்டு. சிட்னிப் பக்கம் ‘கிறிஸ்துமஸ் புதர்’ டிசம்பரில் சிவந்து நிற்கும். பூ என்று நினைப்போம், உண்மையில் வெள்ளைப் பூ முடிந்தபின் பெரிதாகிச் சிவக்கும் புல்லி இதழ்கள். இரண்டு கொப்பு வெட்டிக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தால் பஞ்சுப் பனியைவிட எவ்வளவோ அழகு.

டிசம்பர் 15

‘நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள், 40 எங்களுக்கு என்ன’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வெயில் வேறு, இது வேறு. வடக்கிலிருந்து பாலைக்காற்று அடிக்கும் நாளில் வேர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். வேர்ப்பதே தெரியாது, தாகமும் பிந்தித்தான் வரும். மணிக்கொரு குவளை தண்ணீர் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லவேண்டும். பிறகு திடீரென்று தென்காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் 15 டிகிரி இறங்கும். மேசை விரிப்புக்குக் கவ்வி, ஆளுக்கொரு மேலாடை.

புறஊதாக் கதிருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. மேகமூட்டமான 22 டிகிரி நாளிலும் குறியீடு 10ஐத் தாண்டலாம். 3 வந்தாலே காப்பு வேண்டும் என்பது இங்கத்தைய விதி. கறுப்புத் தோலுக்கு ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. எஸ்.பி.எஃப். 50+ வெயில்காப்புக் களிம்பு, வெளியே போக இருபது நிமிடம் முன்பு, இரண்டு மணிக்கொருமுறை. பெரியவருக்கு மொத்தம் ஏழு தேக்கரண்டி: கை இரண்டு, கால் இரண்டு, முன், பின், முகம்–கழுத்து.

கடற்கரைக்குப் போனால் உயிர்காப்பாளர்கள் நடும் சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும் இடம் குளிக்க நல்ல இடமாகத் தோன்றும். உள்ளே இழுக்கும் நீரோட்டம் அதுதான். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் மிதந்து கையை உயர்த்துங்கள். அன்று காவல் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் நாளில் எல்லாக் கடற்கரையிலும் இருக்காது.

டிசம்பர் 20

வானிலை ஏமாற்றும். 2006 கிறிஸ்துமஸில் விக்டோரியா மலைகளில் பனி பெய்தது. 2021 கிறிஸ்துமஸில் பெர்த்தில் 42.8. நாளை மறுநாள், 25ஆம் தேதிக்கான முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 25 டிகிரிக்குக் கீழ் என்றால் பழைய ஒரு மணிச் சாப்பாட்டையே வையுங்கள், யாரும் தடுக்கவில்லை.

காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்தால் கரி, விறகு அடுப்பு எதுவும் கூடாது. விக்டோரியாவில் வீட்டில் கேஸ் அல்லது மின் பார்பெக்யூ போடலாம், ஆனால் சுற்றி 3 மீட்டருக்குள் காய்ந்த புல் இலை இருக்கக்கூடாது, பக்கத்தில் குழாய் அல்லது குறைந்தது 10 லிட்டர் தண்ணீர், பெரியவர் ஒருவர் நகராமல் நிற்கவேண்டும். மற்ற மாநிலங்களில் தூரமும் நிபந்தனையும் மாறும். வெளியே மெழுகுவர்த்தியும் வேண்டாம், பேட்டரி விளக்கு போதும்.

டிசம்பர் 27

மிச்ச ஹாமை பிளாஸ்டிக்கில் சுற்றியவர்கள் உடனே பிரியுங்கள், வேர்த்து வழுவழுப்பாகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், அதில் துணிப்பையை நனைத்துப் பிழிந்து, எடுத்துவைத்த தோலை வெட்டுப்பக்கம் மூடி, பைக்குள் போட்டு ஃப்ரிட்ஜில். தலையணை உறையும் சரி. மூன்று நாளுக்கொருமுறை மறுபடி நனையுங்கள். ஒரு வாரத்தில் தீராது என்று தெரிந்தால் இப்போதே துண்டு போட்டு உறையவையுங்கள். எலும்பைப் பருப்போடு போட்டால் நல்ல சூப்.

ஜனவரி 4

‘எல்லாம் நன்றாகவே நடந்தது, ஆனாலும் பிள்ளைகள் குளிரைத் தேடுகிறார்கள்’ என்று முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தேடட்டும், அதில் தப்பில்லை. இங்கேயும் குளிர் உண்டு, ஜூலையில். சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பகுதியில் விடுதிகள் அந்த மாதங்களில் குளிர்காலக் கிறிஸ்துமஸ் விருந்தே வைக்கின்றன. மெல்பேர்ணில் ஜூலைத் தொடக்கத்தில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அன்று லைட்டை ஏற்றி, ஓவனை நாலு மணி நேரம் எரியவிட்டு, எல்லாவற்றையும் சுடச்சுட மேசைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கடைகளில் மிஞ்சிய உறைந்த வான்கோழிகள் விலை குறைந்து கிடந்தால் ஒன்று வாங்கி, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரீசரின் அடித்தட்டில் போடுங்கள். இந்தத் தடவை உருக்குவதற்கு மூன்று நாள் விடுங்கள்.